டேப்லட் என் கையில் இருந்தது

"உங்க கையிலதானே மேம் இருந்துச்சு? எழுப்பியிருக்கலாமே."

மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். பயிற்சியும், அதைப் பற்றிப் பேசும் டிப்ரீஃபிங்கும் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, ஸ்கில் லேப் கதவருகே தயங்கி நின்று கேட்டாள்.

உண்மைதான். நோயாளியாகப் படுத்திருந்த பயிற்சி பொம்மைக்கு, அதாவது மானிகினுக்கு, நாடி வரவைக்கும் டேப்லட் என்னிடம்தான் இருந்தது. அவள் உயரம் குறைவு. ஸ்டூல்மேல் ஏறி நின்று அழுத்தினாள். ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால்தான் உள்ளே 'டிக்' என்று கேட்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கேட்டது. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், நேரம் தவறாமல் அட்ரினலின். மானிட்டரில் நேர்கோடு, இதயத்தில் மின்துடிப்பே இல்லை என்பதால் ஷாக் கொடுக்கவில்லை, அதுவும் சரி. எட்டாவது சுற்றிலும் நாடி வரவில்லை. டாக்டராக நடித்த நான் "போதும், நிறுத்துங்க" என்றேன். அவள் வியர்வை மானிகின் நெஞ்சில் சொட்டியிருந்தது. கர்ச்சீப் எடுத்து அதை மெதுவாகத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வார்டில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் திரும்புவதில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் போய்விடுவார்கள். அதை முதன்முதலில் ஒரு குடும்பத்தின் அழுகைக்கு நடுவே தெரிந்துகொள்வதைவிட லேபில் தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இதயம் நின்றவரை மீட்கும் அவசர முயற்சியைக் கோட் என்போம். அவளுக்கு அது முதல் கோட். "நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா" என்று கடைசியில் சொன்னேன். அந்த வார்த்தை அவளிடம் போய்ச் சேரவே இல்லை. "பொம்மைதானே" என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. 1960இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் இந்தப் பயிற்சிக்கு முதல் மானிகினைச் செய்தபோது, பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார். பொம்மையாகத் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அந்த முகம்?

அடுத்த பேட்ச்சுக்கும் இதே கேஸ்தான் வைத்தேன். பிழைக்காமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், சொல்லவில்லை. மூன்றாவது சுற்றிலேயே நாடியை வரவைத்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். மூச்சு வருகிறதா என்று ஒருத்திகூடக் குனிந்து பார்க்கவில்லை.