ஹவாயன் கிட்டாருக்குத் தொண்டை கட்டிய கதை

மூன்று வாரத்துக்கு முன்பு கோபியிலிருந்து பஸ்ஸேறி, என் மடியிலேயே கோயமுத்தூர் வந்து சேர்ந்தது இந்த ஹவாயன் கிட்டார், மடியில் கிடத்தி வாசிக்கிற எலெக்ட்ரிக் கிட்டார். மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்த ஒரு பெரியவர் வீட்டு அட்டாலியில் கிடந்தது. "சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மிங்க தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார். கொஞ்சமா? சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பை முழுக்கத் திருகினாலும் கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாகக் கீச்சென்றது. அடிச்சத்தம் சுத்தமாக இல்லை.

முதலில் தந்தியைப் பார்த்தேன். யாரோ சாதாரணக் கிட்டாருக்கான வெண்கலம் சுற்றிய தந்திகளை மாட்டியிருந்தார்கள். காந்தமும் கம்பிச் சுருளுமாக இருந்து தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு வெண்கலம் கண்ணிலேயே படாது, உள்ளே ஓடும் எஃகு மட்டும்தான் தெரியும். நிக்கல் தந்தி மாற்றினேன். தடித்த மூன்றும் சற்றே தேறின, அவ்வளவுதான். பிக்கப்புக்கும் தந்திக்கும் இடைவெளி அதிகமோ என்று, கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி இரண்டு மடிப்பு அடியில் கொடுத்தேன். அதுவும் பத்தவில்லை.

அப்புறம் மல்டிமீட்டர். வால்யூமை முழுக்க வைத்து, வயர் செருகும் ஜாக்கில் தொட்டால் 243 கிலோ ஓம். வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் மின்தடையின் மேல் 250 என்று போட்டிருந்ததால் எல்லாம் சரி என்று மூடிவிட்டேன். கோட்டை விட்டது அங்கேதான். பிக்கப்பின் காயிலும் (கம்பிச் சுருள்) அந்த மின்தடையும் பக்கவாட்டில், மின்சாரத்துக்கு இரண்டு தனி வழியாக இணைந்திருக்கின்றன. காயில் உயிரோடு இருந்தால் மீட்டர் ஏழெட்டு கிலோ ஓம்தான் காட்டும். 243 என்றால் மீட்டர் அந்த மின்தடையை மட்டும் பார்க்கிறது, காயில் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அறுந்தால் சத்தமே வராது என்றுதான் நினைத்திருந்தேன். வரும். அறுந்த இரண்டு நுனியும் குட்டிக் கெபாசிட்டர் மாதிரி நின்று மேல்சத்தத்தை மட்டும் கசியவிடும். அந்தக் கொசுப்பாட்டு அதுதான்.

இது புரியாமல் காந்தம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, 180 ரூபாய்க்கு நியோடிமியம் காந்தம் இரண்டு வாங்கினேன். பழைய காந்தமோ திருப்புளியை லபக்கென்று பிடித்தது. வாங்கியவை இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கின்றன.

கடைசியில் தெருமுனை மோட்டார் காயில் கட்டும் கடைக்குத்தான் போனேன். பம்பும் மோட்டாருமாகப் பிழைக்கிற ஊரில் இதற்கு வேறு யாரிடம் போவது? அண்ணன் பிக்கப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சன்னமான கம்பி நம்மகிட்ட இல்லீங்க. ஆனா நடுவுல அறாதுங்க, நுனியிலதான் அறும். ஈயம் வெச்ச இடத்தப் பாருங்க."

பார்த்தால் வெளிநுனியில் பச்சை பூத்திருந்தது. கம்பி 0.06 மில்லிமீட்டர் இருக்கும், தலைமுடி மாதிரி. நாலு சுற்று பிரித்து, 600 நம்பர் உப்புத்தாளை மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியின் மேல்பூச்சான இனாமலை நீவினேன். இரண்டு முறை ஒடிந்தது. மூன்றாவது முறை ஈயம் பிடித்தது. நூல் டேப்பை மேலே சுற்றி மீட்டரை வைத்தால் 7.12 கிலோ ஓம்.

உலகத்தில் முதலில் விற்பனைக்கு வந்த எலெக்ட்ரிக் கிட்டாரே இந்த மடிக்கிட்டார் ஜாதிதான். 1932இல் ரிக்கன்பேக்கர் கொண்டுவந்தது; உருவத்தைப் பார்த்து அதை வறுசட்டி என்றே கூப்பிட்டார்கள். என்னுடையதும் இன்று காலையில் அந்த மாதிரி முழுத் தொண்டையில் கத்தியது. பெரியவருக்குப் போன் போட்டு ஆம்ப் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஆறாவது தந்தி அரைக்கட்டை இறங்கியிருக்குதுங்க, ஏத்துங்க" என்றார்.