ஐஸ் பெட்டித் திருடன்

பதுங்கிப் பதுங்கிப் போகும் விளையாட்டுகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் மொபைலில் இலவசமாகக் கிடைக்கிற பலவற்றில் ஒரு தொல்லை. காவலாளி கண்ணில் பட்டதும் ஆட்டம் நின்று, 'விளம்பரம் பார்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். சரி என்று தட்டினால் ஏதோ கடன் கொடுக்கும் ஆப்பின் விளம்பரம். மூடுவதற்கான பெருக்கல் குறி எந்த மூலையில் முளைக்கும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், நான் மாட்டிக்கொண்டால்தான் அவர்களுக்கு வருமானம். அப்புறம் நான் தப்பித்துப் போவதில் அவர்களுக்கு என்ன அக்கறை?

மகள் ஐபேடில் விளையாடும் 'ஸ்னீக்கி சாஸ்குவாட்ச்' எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். மாதச் சந்தா கட்டினால் பல விளையாட்டுகளை ஆடக் கொடுக்கும் ஆப்பிள் ஆர்கேடில் வரும் விளையாட்டு அது. விளம்பரம் கிடையாது, உள்ளே காசு கொடுத்து வாங்க எதுவும் கிடையாது. மாட்டினால் ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், துரத்துவார், பிடிப்பார், அவ்வளவுதான். மறுபடி கிளம்பிப் போய்த் திருடலாம்.

சாஸ்குவாட்ச் என்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் ரோமம் அடர்ந்த பெரிய உருவம். பிக்ஃபுட் என்றால் பலருக்கும் தெரியும். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளின் கதைகளில் வருகிற ஆள். விளையாட்டில் இவருக்கு ஒரு தேசியப் பூங்கா மாதிரியான இடத்தில் வீடு. ரக்கூன், கரடி, வாத்து என்று அக்கம்பக்கம். மனிதர்கள் கூடாரம் போட்டுத் தங்க வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் சாப்பாட்டை எடுப்பதுதான் பிழைப்பு. சாப்பிட்டது போக மிச்சத்தைக் காட்டிலேயே விற்றுக் காசாக்கலாம்.

திருட்டு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மேலிருந்து பார்க்கிற கோணம். ஒரு கூடாரம், பக்கத்தில் மர மேசை, மேசைக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி. ஒருவர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பார். அவர் முதுகைக் காட்டும் நேரம் பார்த்து நுனிக்காலில் போக வேண்டும். சாஸ்குவாட்ச் அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். இங்கேதான் மனசு கெட்டுப்போகிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினால் பத்திரம். இன்னொன்றையும் எடுக்கலாமா? அதற்குள் அந்த ஆள் திரும்பினால்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் "அப்பா, ரேஞ்சர்! ரேஞ்சர்!" என்று கத்துவாள். ரேஞ்சர் திரையிலேயே இருக்கமாட்டார். எனக்குக் கை நடுங்குவதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

என் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு வச்ச சாப்பாட்டையா எடுக்கிற?" என்று கேட்டார். "அவனுக்கும் பசிக்காதா அம்மா?" என்றேன். "அப்ப கேட்டு வாங்கிச் சாப்பிடச் சொல்லு." இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த நாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரேஞ்சர் வரும்போது "ஓடு, ஓடு" என்று சொன்னதும் அவர்தான். திருடுவது மனிதனாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார் என்று நினைக்கிறேன். கையில் துப்பாக்கியோடு காவலர்களின் கழுத்தைத் திருகும் பதுங்கல் விளையாட்டை நான் கூடத்தில் உட்கார்ந்து ஆட முடியாது. பசித்த ஜந்து சாண்ட்விச் எடுத்தால் பாட்டியும் பேத்தியும் அதன் கட்சி.

இதைச் செய்தவர்கள் ராக்செவன் என்ற மிகச் சிறிய குழு. ஜெஸ்ஸி ரிங்ரோஸ், ஜேசன் என்னிஸ் என்று இரண்டு பேர் தொடங்கியது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர்கள். இவர்கள் அதற்கு முன்பு செய்த விளையாட்டுகளில் ஒன்றான 'டார்க் எக்கோ'வும் பதுங்கல்தான், ஆனால் பேய்ப் படம் மாதிரி. திரை முழுக்கக் கறுப்பு. காலடி வைத்தால் அந்த ஓசை வெள்ளைக் கோடுகளாகச் சிதறிச் சுவரில் பட்டுத் திரும்பும். அதை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதே ஓசையைக் கேட்டு இருட்டில் இன்னொன்றும் வரும். இரவில் ஹெட்போன் போட்டு ஆடிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகும்போது எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு போனேன். அதைச் செய்த அதே கைகள்தான் இந்த ரோமக்காரனையும் செய்தன என்று தெரிந்தபோது நம்பவே முடியவில்லை. மெல்ல நடந்தால் பிழைப்பாய் என்ற ஒரே விதி. ஒன்றில் குலை நடுங்குகிறது, இன்னொன்றில் சிரிப்பு வருகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஆப்பிள் ஆர்கேட் 2019 செப்டம்பர் 19 அன்று தொடங்கியது, சாஸ்குவாட்ச்சும் அன்றே வந்தது. அப்போது இந்தியாவில் மாதம் 99 ரூபாய். மறுநாள், செப்டம்பர் 20, மெல்போர்னில் இருக்கும் ஹவுஸ் ஹவுஸ் குழுவின் 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்' வெளியானது. ஒரு வெள்ளை கூஸ், வாத்து இனத்துப் பெரிய பறவை, அமைதியான ஆங்கிலக் கிராமத்துக்குள் புகுந்து தோட்டக்காரரின் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடும். அவர் துரத்திப் பிடித்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார், வேறு தண்டனை கிடையாது. கூஸ் செய்வதற்கு ஏற்றபடி பின்னணியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் பியானோ இசை துள்ளும், நிற்கும். அது மொபைலுக்கு வரவில்லை, கம்ப்யூட்டரிலும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியிலும் வந்தது. ஒரு நாள் இடைவெளியில் உலகத்தின் இரண்டு ஓரங்களிலிருந்து இரண்டு குறும்புத் திருடர்கள்!

சாஸ்குவாட்ச் 2020-இல் ஆப்பிள் ஆர்கேடின் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று தேர்வானது. அதற்குப் பிறகும் புதுப்புதுப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அங்கேதான் கொஞ்சம் முகம் சுளிக்கிறது. மனித உடை போட்டுக்கொண்டால் யாரும் சாஸ்குவாட்சை அடையாளம் காண்பதில்லை. தொப்பி, சட்டை, பேன்ட், அவ்வளவுதான், மூஞ்சி நிறைய ரோமம் இருந்தாலும் பரவாயில்லை. இந்த நகைச்சுவை அருமை. ஆனால் உடை வந்ததும் கார் ஓட்டலாம், கோல்ஃப் ஆடலாம், பனிச்சறுக்கலாம், துறைமுகத்தில் வேலை பார்க்கலாம், போலீஸ் ஆகலாம், பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேரலாம். நான் மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் பத்துப் பதினைந்து கடைக்காரர்களின் ஜிஎஸ்டி கணக்கை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறவன். நான் வந்து உட்கார்ந்து, காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு ஜந்துவை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டுமா? பூங்காவை மூடிவிடாமல் காப்பாற்றும் கதைக்காக வாத்து சொன்னபடி வரைபடத் துண்டுகளைத் தேடினேன், அது நன்றாகவே இருந்தது. ஐடி கார்டு மாட்டிக்கொண்டு மேசை முன் உட்காரும் கட்டத்தில் ஐபேடை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கோ வேலை பார்ப்பதுதான் பிடிக்கிறது. சம்பளம் வருகிறதாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஆபீஸ் ஒரு விளையாட்டு, என்ன சொல்ல. இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கூடாரப் பக்கம் என் பொறுப்பு, ஊருக்குள் அவள் பொறுப்பு. நான் திருடி விற்ற காசில் போன வாரம் சாஸ்குவாட்ச் வீட்டுக்கு சோபா வாங்கிப் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் "நீ மட்டும் கேட்டுட்டா எடுக்கற?" என்கிறாள், பாட்டியிடம் கற்றுக்கொண்டது.