சருகு யார் தருவார், உரம் யார் எடுப்பார்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் உரக்கூடம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வருடம் முழுக்கக் காய்ந்த சருகு யார் தருவார்? உருவான உரத்தை மாதாமாதம் யார் எடுத்துப்போவார்? இந்த இரண்டுக்கும் ஆள் கிடைக்கும்வரை பச்சை வாளி வாங்காதீர்கள். காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் தாமாக வந்து சேரும். மற்ற இரண்டும் தேடிப்போனால்தான் வரும்.

சென்னையில் ஐம்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் ஈரக்குப்பையைத் தொங்கு தராசில் எடைபோடுங்கள். வீட்டுக்கு 600 கிராம் என்று வந்தால் நாளைக்கு 30 கிலோ, அதாவது ஏறக்குறைய 70 லிட்டர். இதற்கு அளவில் இரண்டு மடங்கு சருகு வேண்டும்: 140 லிட்டர். எடையில் அது சுமார் 10 கிலோதான், ஆனால் அழுத்தித் திணித்தாலும் ஒரு பெரிய கோணிச்சாக்கு பிடிக்கும். மாதத்துக்கு 30 மூட்டை. சமையலறைக் கழிவில் நீரும் தழைச்சத்தும் அதிகம், காற்று போக இடமில்லை. கரிமத்தையும் காற்றோட்டத்தையும் தருவது சருகு. அது குறைந்த அன்றே நாற்றம் தொடங்கும். நாற்றம் தொடங்கிய மறுவாரம் சங்கக் கூட்டத்தில் "இதை மூடுங்கள்" என்ற பேச்சும் தொடங்கும்.

வேம்பும் தூங்குமூஞ்சியும் வாதாமும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொட்டித் தீர்க்கும். ஐப்பசி மழையில் காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் 100 மூட்டை கையிருப்பு இருக்க வேண்டும். பத்துக்கு எட்டு அடி இடத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கினால் அடங்கும், மேலே கூரை இருக்க வேண்டும். தெரு பெருக்கும் தூய்மைப் பணியாளர்களிடமும் வார்டு மேற்பார்வையாளரிடமும் பேசி, இலையைத் தனிச் சாக்கில் கட்டித் தரக் கேளுங்கள். சாக்கை நீங்களே கொடுங்கள், எடுக்கும் நாளையும் நீங்களே சொல்லுங்கள், சொன்ன நாளில் தவறாமல் போய் எடுங்கள். தெருச்சருகில் மணலும் பீடித்துண்டும் பிளாஸ்டிக்கும் இருக்கும். கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் போட்டு உதறினால் பாதி வேலை முடிந்துவிடும். மரம் நிறைந்த பள்ளி பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல கூட்டாளி இல்லை. அந்த இலை சுத்தமாக இருக்கும்.

கரும்புச்சாறு கடைச் சக்கையும் நல்ல சரக்கு. இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, இரண்டு நாள் வெயிலில் போட்டுச் சேருங்கள். ஈரமாகக் கொண்டுவந்தால் எறும்பும் குளவியும் கூடவே வரும். தச்சுப்பட்டறையில் இழைப்புளிச் சுருள் வாங்கலாம், ஆனால் பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. தென்னை நார்க்கழிவுக் கட்டியை மட்டும் நம்பிக் கூடம் நடத்துவது சரிவராது. அது நீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் காற்றுக்கு வழிவிடாது. கழுவாத கட்டியில் உப்பும் இருக்கும்.

தொட்டிக்கு நல்ல முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய, நாலடிக்கு நாலடிக்கு நாலடி அளவுள்ள இடைவெளிச் சுவர்த் தொட்டி. ஆலப்புழை நகராட்சி அதைப் பொது இடங்களிலேயே அமைத்தது. அடியில் அரையடி சாணம், அதன்மேல் அரையடி சருகு, பிறகு அரையடி குப்பை என்று மாற்றி மாற்றி அடுக்கி, 90 நாள் விடுவது அதன் முறை. நம் ஐம்பது வீடுகளுக்கு அப்படி நான்கு தொட்டி போதும். ஒன்று நிரம்ப ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அது நிரம்பும் காலத்தில் மற்ற மூன்றும் முதிர்ந்துகொண்டிருக்கும். சென்னைக்கென்று இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். பெருச்சாளி மண்ணைத் தோண்டி உள்ளே வரும், அதனால் அடியிலும் பக்கங்களிலும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடிக்க வேண்டும். கூரை தொட்டியைவிட இரண்டடி வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் உள்ளே விழும். தரையைச் சாய்வாகப் போட்டுக் கசிவுநீரை ஒரு வாளிக்குத் திருப்பி, அதைக் காய்ந்த தொட்டியின் மேல் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள், வேர் கருகும்.

புதுச் சாணம் கிடைக்காவிட்டால், முதிர்ந்த உரத்தைச் சலித்தபின் மிஞ்சும் கப்பியைப் பத்தில் ஒரு பங்கு சேருங்கள். அதில் வேண்டிய நுண்ணுயிர் எல்லாம் இருக்கிறது. மாதாமாதம் பாக்கெட் கல்ச்சர் வாங்கத் தேவையில்லை. தினமும் கொட்டியதும் மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு மூட வேண்டும், ஒரு தோல்கூட வெளியே தெரியக்கூடாது. இந்த ஒரு பழக்கத்தால் ஈயும் காக்கையும் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்ட வேண்டும். இரும்புக் கம்பியைக் குத்திப் பத்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கும். சூடு ஏறவில்லை என்றால் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போட்டுக் கிளறுங்கள், ஒன்றும் வராவிட்டால் நீர் தெளியுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை. மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை வந்தால் தழைச்சத்து மிகுதி. இரண்டுக்கும் மருந்து சருகுதான். ஆனால் முதலாவதற்கு அடிவரை புரட்டியே ஆக வேண்டும், மேலே தூவினால் போதாது. நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல் சோறு. கட்டியாக விழுந்தால் அப்படியே புளித்துக் கிடக்கும். உதிர்த்து, சருகில் புரட்டிப் போட வேண்டும். சாம்பார், ரசம், மோர் ஆகியவற்றை வடிகட்டிவிட்டுத் திப்பியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மீன், கோழிக் கழிவை முதல் மூன்று மாதம் வாங்க வேண்டாம். பிறகு சூடான தொட்டியின் நடுவில் குழி பறித்துப் புதைக்கலாம்.

பிரித்துத் தராத வாளியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் குப்பை எடுக்கும் பணியாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட அட்டை ஒன்று அவர் கையில் இருந்தால், பத்தாவது வீட்டில் நின்று அவர் வாதாட வேண்டியதில்லை. பால் பாக்கெட்டின் மூலை, பழத்து ஸ்டிக்கர், ரப்பர் பேண்டு, நைலான் பூநூல் இவைதான் தினமும் கலந்து வருபவை. பூநூல் மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு உயிரை எடுக்கும். 30 கிலோவைப் பிரித்து, கலந்து, தொட்டியைக் கவனிக்க நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கையுறை, கம்பூட், குளிக்க ஓரிடம், டெட்டனஸ் ஊசி, இவை பணியாளருக்குச் செய்யும் சலுகை அல்ல, கூடத்தின் அடிப்படைச் செலவு.

சம்பளத்தை உரம் விற்றுக் கொடுக்கலாம் என்ற கணக்குதான் பல கூட்டு முயற்சிகளைக் கவிழ்க்கிறது. மாதம் 250 கிலோ உரம் வந்து, கிலோ பத்து ரூபாய்க்குப் போனாலும் 2,500 ரூபாய்தான். அதில் ஒருவரின் உழைப்புக்கு நியாயமான கூலி கிடைக்காது. 1989இல் சென்னையில் பிறந்த எக்ஸ்னோரா இயக்கம் காட்டிய வழி இன்றும் சரியானது: தெருவாசிகள் மாதச் சந்தா கட்டி, மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுப்பவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு 100 ரூபாய் என்றால் 5,000 ரூபாய் நிச்சய வருமானம். உர வருமானம் சாக்குக்கும் சல்லடைக்கும் போகட்டும்.

பக்கத்து மெஸ்ஸையும் கல்யாண மண்டபத்தையும் சேர்ப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. மெஸ் தினமும் ஒரே அளவு தரும், சேர்த்துக்கொள்ளலாம். மண்டபம் முகூர்த்த நாளில் 200 கிலோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆடி மாதம் முழுக்க ஒன்றும் தராது. நாளைக்கு இவ்வளவு கிலோவுக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வாழை இலையின் நடுநரம்பை நறுக்காமல் போட்டால் மூன்று மாதம் கழித்தும் அப்படியே வெளியே வரும். ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்த பூசணிக்காய்களை எடுத்தால் சில்லறையைப் பொறுக்கிவிட்டு, வழக்கத்தைவிட இரு மடங்கு சருகு சேருங்கள். பூசணி ஏறக்குறைய முழுக்க நீர். (சராசரியாக நாளுக்கு 100 கிலோவைத் தாண்டும் இடங்களை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவு குப்பை உருவாக்குவோர் என்று வகைப்படுத்தின. மண்டபத்துக்காரரிடம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.)

உரம் முதிர்ந்ததா என்று பார்க்க, ஈரமான ஒரு பிடியைக் காற்றுப் புகாத கவரில் மூன்று நாள் மூடிவைத்துத் திறந்து பாருங்கள். மழைமண் வாசம் வந்தால் தயார், புளிப்பு வந்தால் இன்னும் இரண்டு வாரம். பிறகு சம அளவு மண்ணில் கலந்து பத்துத் தண்டுக்கீரை விதை தூவி, வெறும் மண்ணில் தூவியதோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குறைவாக முளைத்த உரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு விவசாயியின் நாற்று ஒருமுறை கருகினால் அவர் திரும்ப வரமாட்டார்.

250 கிலோவில் மாடித்தோட்டக்காரர்கள் 50 கிலோ எடுத்தாலே அதிகம். அவர்கள் கேட்பதும் ஆடிப்பட்டத்துக்கு முன்னால்தான். மார்கழியில் கேட்க ஆளிருக்காது, தொட்டி மட்டும் நிரம்பிக்கொண்டே இருக்கும். அதனால் நகரத்துக்குக் காய்கறி கொண்டுவரும் ஒரு விவசாயியோடு ஒப்பந்தம் செய்யுங்கள். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டியில் எட்டு மூட்டை, மூட்டைக்கு 25 கிலோ, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள். முதல் இரண்டு மூட்டையை இலவசமாகக் கொடுத்து ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எடுக்க வராத மாதத்தில் உரத்தைக் கோணிச்சாக்கில் நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் மூச்சு முட்டி மறுபடி நாறும். காய்ந்து தூசியாகிவிடாமல் வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் தெளியுங்கள்.