ரேச்சல் ஏன் வாய் திறக்கவில்லை: ஒரு திரைக்கதை நாட்குறிப்பு

மே 6

வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எழுதுவது என்று முடிவாகிவிட்டது. ஐந்து எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். காலின்ஸ் 1889-இல் இறந்தவர் என்பதால் உரிமை பற்றிய கவலை இல்லை. கதை 1848-இல், யார்க்‌ஷயரில், அப்படியே நடக்கும். காலத்தையும் இடத்தையும் தொடப்போவதில்லை. எழுத எழுதத் தோன்றுவதைத் தேதி போட்டு இங்கே வைக்கிறேன். முடிச்சை அவிழ்க்காமல் இந்தக் கதையைப் பற்றிப் பேச வழியே இல்லை. நாவலைப் படிக்காதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வந்தால் நல்லது.

படித்து மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஹெர்ன்காசில் என்ற ஆங்கில அதிகாரி, காவல் நின்றவர்களைக் கொன்று ஒரு மஞ்சள் வைரத்தைக் கைப்பற்றுகிறான். ஒரு காலத்தில் சோமநாதத்தில் சந்திரனின் சிலை நெற்றியில் இருந்த கல் அது. சாகும்போது அதைச் சகோதரியின் மகள் ரேச்சல் வெரிண்டருக்கு எழுதிவைக்கிறான். ரேச்சலின் பதினெட்டாவது பிறந்தநாளன்று, 1848 ஜூன் 21-ஆம் தேதி, உறவுக்காரன் ஃப்ராங்ளின் ப்ளேக் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அன்றிரவே வைரம் காணாமல் போகிறது. எடுத்தது ஃப்ராங்ளின்தான். யாரோ அவனுக்குத் தெரியாமல் கொடுத்த அபின் மயக்கத்தில், தான் செய்வது தனக்கே தெரியாமல் எடுத்தான். மறுநாள் போலீஸுக்கு ஆளனுப்பிப் பரபரப்பாக அலைபவனும் அவன்தான்.

அதைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். ரேச்சல். ஏறக்குறைய ஒரு வருடம் அவள் வாய் திறப்பதில்லை.

மே 9

இது புத்தகமாக வருவதற்கு முன்பே தொடர்கதை. டிக்கன்ஸ் நடத்திய ‘ஆல் த இயர் ரவுண்ட்’ பத்திரிகையில் 1868 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை வாரா வாரம் 32 பாகங்களாக வந்தது. ‘தொடரும்’ எங்கே போட வேண்டும் என்று காலின்ஸுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எபிசோட் முடிவுகளுக்கு நான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவர் வைத்த இடங்களிலிருந்து பொறுக்கி எடுத்தால் போதும். முதலாவது, கதவில் இருக்கும் பெயின்ட் தீற்றலை, துப்பறிய வந்த சார்ஜன்ட் கஃப் குனிந்து பார்ப்பதோடு முடியும். இரண்டாவது, புதைமணல் கரையில் வேலைக்காரப் பெண் ரோசன்னாவின் காலடித் தடம் நின்றுபோகும் இடம். மூன்றாவது, அதே மணலுக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தெடுத்து, உள்ளே இருக்கும் பெயின்ட் பட்ட இரவு அங்கியை விரித்து, அதில் தைத்திருக்கும் பெயரை ஃப்ராங்ளின் படிக்கிறான். அவனுடைய பெயர்தான். இதைவிட நல்ல எபிசோட் முடிவை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

பிபிசி இந்த நாவலை 1972, 1996, 2016 என்று பல தடவை எடுத்திருக்கிறது. முதல் ட்ராஃப்ட் முடியும்வரை எதையும் திரும்பப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மே 13

பெயின்ட் தீற்றல் காட்சியை எழுதி முடித்தேன். துப்பறியும் கதை என்ற வகையே இந்த ஒரு கதவிலிருந்து கிளம்பியது என்று சொன்னாலும் நம்புவேன்.

ரேச்சலும் ஃப்ராங்ளினும் பொழுதுபோக்காக அவள் அறைக் கதவுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிறந்தநாளன்று மதியம் மூன்று மணிக்கு வேலை முடிகிறது. மறுநாள் சாவித்துவாரத்துக்குக் கீழே சின்னதாக ஒரு தீற்றல். உள்ளூர் சூப்பரின்டென்டென்ட், வேலைக்காரப் பெண்களின் பாவாடை பட்டிருக்கும் என்று ஒதுக்கிவிடுகிறார். கஃப் ஒதுக்கவில்லை. இந்தப் பெயின்ட் காயப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்கிறார். அப்படியானால் அதிகாலை மூன்று மணிக்குக் காய்ந்திருக்கும். நள்ளிரவு வாக்கில் கதவைப் பார்த்த ரேச்சலின் பணிப்பெண் பெனிலோப், அப்போது தீற்றல் இல்லை என்கிறாள். எனவே பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒரு துணி அதில் உரசியிருக்கிறது. அந்தத் துணி யாருடையது?

இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் எழுத்தில் இரண்டு பக்கம் ஓடுவது திரையில் வெறும் பேச்சாக நின்றுவிடக் கூடாது. அதனால் மதியம் மூன்று மணிக்குக் கடிகாரம் அடிக்கும் சத்தத்தையும், ரேச்சல் தூரிகையைக் கீழே வைப்பதையும் பதினைந்து நிமிடம் முன்னாலேயே காட்டிவிட்டேன். கஃப் கணக்குப் போடும்போது பார்ப்பவரும் கூடவே போடலாம்.

மே 14

கஃப் ஐந்து எபிசோடிலும் வர வேண்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நாவலில் அவர் பாதிக்கு முன்பே போய்விடுகிறார். ஓய்வுபெற்று ரோஜா வளர்க்கப் போனவர் கடைசியில்தான் திரும்புகிறார். துப்பறிவாளர் இல்லாமல் நடுவில் இரண்டு எபிசோடா என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கஃப் போவதற்குக் காரணம், அவர் முடிவு தப்பானது. கடன் அடைக்க ரேச்சலே தன் வைரத்தை ஒளித்துவிட்டாள் என்கிறார். கஃப் பாத்திரத்துக்குப் பின்னால் ஸ்காட்லாந்து யார்டின் ஜொனாதன் விச்சர் இருக்கிறார். 1860-இல் ரோட் ஹில் ஹவுஸ் கொலை வழக்கில், காணாமல் போன ஓர் இரவு அங்கியைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டு மகள் கான்ஸ்டன்ஸ் கென்ட்டைக் கைது செய்தவர். கௌரவமான குடும்பத்துப் பெண்மேல் ஒரு போலீஸ்காரர் கைவைப்பதா என்று ஊரே கொதித்தது. வழக்கு நிற்கவில்லை. விச்சரின் பெயர் கெட்டது. 1865-இல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

விச்சர் அந்த வீட்டு மகளைச் சந்தேகித்தது சரியாகப் போனது. காலின்ஸ் அதே அங்கியையும் அதே சந்தேகத்தையும் எடுத்துக்கொண்டு, தன் சார்ஜன்ட்டைத் தோற்கடிக்கிறார். ரேச்சல் எதையோ மறைக்கிறாள் என்பது வரை கஃப் சரியாகப் படித்துவிட்டார். ஏன் மறைக்கிறாள் என்பதை அவரால் எட்ட முடியவில்லை. ஒரு பெண் பேசாமல் இருந்தால் குற்றம் செய்திருப்பாள் என்று நினைக்கும் திறமைசாலி அவர். அவரை எல்லா எபிசோடிலும் ஓடவிட்டால் இந்தத் தோல்வி மழுங்கிவிடும்.

மே 19

கேமரா எங்கே நிற்கும்? இந்த ஒரு கேள்வியில் நாள் முழுக்கப் போயிற்று.

நாவலை ஒருவர் சொல்லவில்லை. வீட்டு நிர்வாகி பெட்டரிட்ஜ், துண்டுப் பிரசுரம் விநியோகிக்கும் மிஸ் க்ளாக், வக்கீல் பிரஃப், ஃப்ராங்ளின், டாக்டரின் உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ் என்று ஒவ்வொருவரும் தான் பார்த்ததை மட்டும் எழுதுகிறார்கள். ரேச்சலுக்கு என்று ஓர் அத்தியாயம் கிடையாது. அவள் எப்போதும் அடுத்தவர் கண்ணில்தான் வருகிறாள். அதனால்தான் ரகசியம் தாங்குகிறது. தாளில் காலின்ஸ், வேண்டாத இடத்தில் ரேச்சலைக் காட்டாமல் விட்டுவிடலாம். திரையில் அவள் முகத்தோடு நிற்கிறாள். கேமராவுக்கு வேலைக்காரர், வக்கீல் என்ற வரம்பெல்லாம் இல்லை, எந்த அறைக்குள்ளும் போய்விடும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் கதை சொல்பவர் இல்லாத அறைக்குள் கேமரா நுழையாது. முதல் இரண்டு எபிசோடும் பெட்டரிட்ஜுடையவை. எழுபதைத் தாண்டிய மனிதர். குழப்பம் வந்தால் ‘ராபின்சன் குரூசோ’வைத் திறந்து கிடைத்த பக்கத்தில் வழி தேடுபவர். எஜமானியின் மகளுடைய படுக்கையறைக்குள் அவர் போக மாட்டார், ஆகவே நாமும் போவதில்லை. கதவு சாத்தப்படும்போது வெளியே அவரோடு நிற்போம். அவர் குரலைப் பின்னணியில் வைத்துக்கொள்கிறேன், ஆனால் காட்சியில் தெரிவதையே திரும்பச் சொல்லும் வாய்ஸ் ஓவராக இருக்காது. அவர் என்ன ஊகிக்கிறார் என்பதை மட்டும் பேசுவார். அவர் ஊகம் பல இடங்களில் தப்பு.

மிஸ் க்ளாக்கைக் குறைத்துவிட்டேன். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து அவள் ஒட்டுக்கேட்கும் காட்சி மட்டும் முழுசாக இருக்கும். தகுதியில்லாத ஒருவனை இன்னும் மனதிலிருந்து பிடுங்கி எறிய முடியவில்லை என்று ரேச்சல் அங்கேதான் சொல்கிறாள். பார்ப்பவர்களுக்கு அது முதல் கீறல்.

மே 23

இயக்குநரோடு நீண்ட பேச்சு. ஜூன் 22 காலைக் காட்சி அவருக்கு உறுத்துகிறது. “ரேச்சல் இவ்வளவு கடுகடுவென்று இருந்தால் அவள்தான் திருடி என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். கொஞ்சம் மென்மையாக்கலாமே” என்றார்.

மென்மையாக்கினால் கதையே போய்விடும் என்றேன். அவளிடத்தில் நின்று பாருங்கள். நேற்று இரவு காதலிக்கிறவன் கையில் மெழுகுவர்த்தியோடு தன் அறைக்குள் வந்து வைரத்தை எடுத்ததைப் பார்த்தாள். அவனுக்குக் கடன் இருப்பது அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் எடுத்தான் என்று நினைக்கிறாள். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. விடிந்ததும் அவனே எல்லோரையும் கூட்டி, போலீஸை வரவழைத்து, ‘கவலைப்படாதே, கண்டுபிடித்துவிடலாம்’ என்கிறான். உலகத்திலேயே பெரிய நடிகனாக அவன் அவளுக்குத் தெரிவான். அவனோ உண்மையாகவே தேடுகிறான். ஒரே அறையில் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியவில்லை.

எழுதியிருப்பது இப்படி:

பெட்டரிட்ஜ் வாசலருகே நிற்கிறார். ஃப்ராங்ளின் ரேச்சலை நோக்கி இரண்டடி வைக்கிறான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஃப்ராங்ளின்: போலீஸுக்கு ஆள் போயிருக்கிறது.

ரேச்சல்: யார் அனுப்பியது?

ஃப்ராங்ளின்: நான்தான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு படுக்கையறைக்குள் போகிறாள். பூட்டும் சத்தம்.

இந்த உரையாடல் என் எழுத்து, நாவலில் இப்படியே இல்லை. ‘நான்தான்’ என்பதற்குப் பிறகு அவள் பார்க்கும் பார்வையைத்தான் நடிகை தர வேண்டும். முதல் தடவை பார்ப்பவருக்கு அது பயமாகத் தெரியலாம். முடிவு தெரிந்து மறுபடி பார்ப்பவருக்கு அருவருப்பும் காதலும் சேர்ந்தே தெரிய வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே ஷாட். தனியாக எடுத்து வெட்டி ஒட்டக் கூடாது.

மே 30

ரோசன்னாவுக்கு இன்னும் இடம் வேண்டும். முன்னாள் திருடி, ஒரு தோள் உயர்ந்த உடல், எஜமானர் வீட்டு இளைஞனிடம் மனதைப் பறிகொடுத்தவள். அந்த அங்கியைக் கண்டுபிடித்து மறைத்தவள் அவள்தான். ஃப்ராங்ளினைக் காப்பாற்ற வாய் மூடியவர்கள் இரண்டு பேர்: மாடியில் ரேச்சல், கீழே ரோசன்னா. ஒருத்திக்கு இன்னொருத்தியின் மௌனம் தெரியாது. இருவரையும் படிக்கட்டில் ஒருமுறை கடக்கவிட்டிருக்கிறேன், வசனம் இல்லாமல்.

ஜூன் 5

சிலையின் கல்லைத் தேடி வரும் மூன்று பிராமணர்களைப் பற்றி. பல தலைமுறையாகக் கைமாறி வரும் கடமைக்காகச் சாதியை இழக்கத் துணிந்து கடல் கடந்தவர்கள், வித்தைக்காரர் வேடத்தில் யார்க்‌ஷயர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். 1857 நடந்து பதினோரு வருடத்தில், ஓர் ஆங்கிலேயர், கல்லைக் கோயிலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துக் கதையை முடித்திருக்கிறார் என்பதை நான் மதிக்கிறேன். வழியில் நடக்கும் கொலைக்காகக்கூட அவர்களைத் தூக்கில் போடவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காட்சி முதல் எபிசோடின் தொடக்கத்தில் கட்டாயம் இருக்கும். அதை வெட்டினால் இவர்கள் வெறும் மர்ம மனிதர்களாகிவிடுவார்கள். முதல் திருடன் ஹெர்ன்காசில் என்பதும் மறந்துபோகும்.

ஜூன் 12

நான்காவது எபிசோடின் நடுப்பகுதி. ஹாம்ப்ஸ்டெட்டில் வக்கீல் வீட்டு இசை அறை. ஃப்ராங்ளின் உள்ளே வர, இத்தனை நாள் அடக்கியதை ரேச்சல் கொட்டிவிடுகிறாள்: நீ எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

காலின்ஸ் இங்கே ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார். அவள் அறையில் மூன்று நிலைக்கண்ணாடிகள். இருட்டில் நின்றபடி அவன் செய்ததையெல்லாம் அதில் ஒன்றில் பார்த்ததாகச் சொல்கிறாள். படம்பிடிப்பதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது! என் விதிப்படி, இதற்கு முன்னால் அந்த இரவுக்குள் கேமரா போனதே இல்லை. இப்போது கதை சொல்பவள் ரேச்சல், ஆகவே முதல் தடவையாக நுழையலாம். ஃப்ளாஷ்பேக் முழுவதும் கண்ணாடிக்குள்தான். மெழுகுவர்த்தி, வெள்ளை அங்கி, அலமாரியின் இழுப்பறை திறப்பது, கையில் கல்லோடு அவன் அசையாமல் நிற்பது. நேர் முகம் ஒரு ஷாட்டில்கூட இல்லை. அவன் கண் விழித்திருந்தும் அவன் அங்கே இல்லை என்பதைப் பார்ப்பவர் பின்னால் யோசித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 18

அபின் சோதனை: ஃப்ராங்ளினுக்கு மறுபடி அபின் கொடுத்து, அந்த இரவைத் திரும்ப நடத்திப் பார்ப்பது. எஸ்ரா ஜென்னிங்ஸ்தான் எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த மனிதர். ஊரார் ஒதுக்கிய, வலிக்கு அபினையே நம்பி வாழும் நோயாளி. காலின்ஸும் இதை எழுதும்போது கீல்வாதத்தில் படுத்து, வலிக்கு அபின் திரவம் குடித்துக்கொண்டிருந்தார். நாவல் வந்துகொண்டிருந்தபோதே அவர் தாயும் இறந்தார். ஜென்னிங்ஸின் பக்கங்களில் அந்த வலி தெரிகிறது.

அவர் செய்வது ஏறக்குறைய ஒரு படப்பிடிப்பு. அதே வீடு, அதே அறை, அதே படுக்கை, போன வருடம் இருந்தபடி தரைவிரிப்பு. கூடத்தில் இருந்த பாடம் செய்த பருந்தைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டுமா என்று பெட்டரிட்ஜ் சண்டை பிடிக்கிறார். முன்பு 25 துளி அளவு, இப்போது 40. ஃப்ராங்ளின் எழுந்து நடந்து, வைரத்துக்குப் பதிலாக வைத்த கல்லை எடுக்கிறான். அத்தோடு மயக்கம் மேலோங்கி, கல் கையிலிருந்து நழுவுகிறது. வைரம் எங்கே போனது என்பது தெரியாமலே சோதனை நின்றுபோகிறது. ஆனால் ரேச்சல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வருடம் பார்த்த அதே காட்சியை அதே அறையில் பார்க்கிறாள், இந்த முறை காரணம் தெரிந்து. எனக்கு இதுதான் தொடரின் உச்சம். அன்றிரவு ஃப்ராங்ளினிடமிருந்து வைரத்தை வாங்கிக்கொண்ட உறவுக்காரன் காட்ஃப்ரே ஏபிள்வைட் மாலுமி வேடத்தில் விடுதி அறையில் செத்துக் கிடப்பதும், வேடம் கலைவதும் அதற்குப் பிறகு வேகமாக முடித்துவிடலாம்.

ஜூன் 24

முழு ட்ராஃப்டும் இயக்குநர் கைக்குப் போய்விட்டது. முதல் இரண்டு எபிசோடில் ரேச்சலின் வசனத்தை இன்னும் குறைக்கச் சொல்கிறார். சரி என்றேன், அது நல்ல யோசனை. கடைசிச் சோமநாதக் காட்சியின் நீளத்தில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. மூன்று பிராமணர்களும் அங்கே பிரிந்து, இனி ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதவர்களாய்த் தனித்தனி யாத்திரை போகிறார்கள். நான்கு நிமிடமாவது வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று கேட்டுக்கொண்டேன். கண்ணாடிக் காட்சியைப் படப்பிடிப்பின் முதல் நாளே எடுத்துவிட வேண்டும், தொடரில் நான்காவது எபிசோடில் வந்தாலும். ரேச்சலாக நடிப்பவர் அந்த இருட்டில் நின்று அதை நிஜமாகவே பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் மற்ற எல்லாக் காட்சிக்கும் வர வேண்டும். ஒரே செட்டை இரண்டு முறை போட வேண்டியிருக்கும், செலவு கூடும் என்றார். கணக்குப் பார்த்துவிட்டு, மாலையில் சம்மதம் சொல்லி அனுப்பினார்.