திருகுக் குழாய்க்கு ஆள் எதற்கு?

திருகுக் குழாய் சொட்டினால் பிளம்பருக்குப் போன் போடுவதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. பெரும்பாலும் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் மெயின் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றினால், அடியில் அந்த ரப்பர் வாஷர் வட்டமாகப் பள்ளம் விழுந்து கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். அதையே கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். கண்ணளவு இங்கே செல்லாது.

குழாயையே மாற்றுவதென்றால் அதன் மரையில் (திருகு வரிகளில்), கசியாமல் தடுக்கும் மெல்லிய டெஃப்லான் டேப்பை, குழாயை முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மாட்டும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். (ஆள் வந்தாலும் இதைத்தான் செய்வார், நாம் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்போம்.)

அப்புறம், கரண்ட் வேலைக்கு மட்டும் எலக்ட்ரீஷியன்தான். அதில் எனக்கு வீரம் கிடையாது.