மாடியில் முதல் வெண்டைக்காய்

இன்று காலை மாடியில் ஏழு வெண்டைக்காய் பறித்தேன், ஏழுதான், ஆனால் நுனியை ஒடித்தபோது வந்த அந்த 'டக்' சத்தம் நாள் முழுக்கக் காதிலேயே இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று ஊன்றிய விதை, 45 நாளில் காய்ப்புக்கு வந்துவிட்டது.

பையில் வெறும் செம்மண்ணை மட்டும் நிரப்பாதீர்கள், நம்ம மதுரை வெயிலுக்கு இறுகிக் கல்லாகிவிடும். நான் செம்மண், தென்னைநார்க் கழிவு, நன்றாக மட்கிய சாணி எரு மூன்றையும் சம அளவு கலந்து, ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் போட்டு, பத்து நாள் ஈரத்தோடு வைத்திருந்துதான் விதைத்தேன்.

கத்தரியில்தான் மனசு விட்டுப்போனது. மாவுப்பூச்சி. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் (இது இல்லாமல் எண்ணெய் தண்ணீரோடு சேராது) கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைய வாரம் ஒருமுறை தெளித்தேன். இப்போது புதுத் துளிர் விட்டிருக்கிறது, பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், வெண்டை நாட்டு ரகம்தான், இரண்டு காயை விதைக்காகச் செடியிலேயே முற்ற விட்டிருக்கிறேன். திருநகர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்.