கொட்டில் நாட்கள்

ஜனவரி 28, 2023

இரவு பஸ்சில் மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டு வந்தேன். சத்தி வரும் என்ற பயத்தில் மனைவி சாப்பிடவில்லை. சன்னலோரம் இருந்தாள், மடியில் அந்தப் பெரிய உறை. பஸ் புறப்பட்ட பிறகும் கையைக் குவித்துச் சரித்துக் காட்டினாள். கோழிகளுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டுமாம்.

ஜனவரி 29

நித்திரை வரவில்லை. விடியுமுன் கொட்டிலின் வளையில் தொங்கிய சாக்கை இறக்கினேன். முன்பெல்லாம் ஒரு கையால் தூக்குவேன். இன்று ஏணியோடு சேர்ந்து நானும் ஆடினேன்.

1995 ஒக்டோபர் கடைசியில், இடம்பெயருமுன், மாட்டுக்கொட்டிலுக்குள் குழி வெட்டிப் புதைத்த அதே வள்ள எஞ்சின். கிறீஸ் பூசி, இவளின் நூல்சேலை ஒன்றைக் கிழித்துச் சுற்றி, அதன்மேல் தார்ப்பாய் கட்டினோம். அடுத்த வருடம் திரும்பி வந்து தோண்டியபோது எஞ்சின் இருந்தது, கூரை இல்லை, மாடும் இல்லை. அந்தச் சேலைத் துண்டு இன்னும் காற்பரேட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுத்துப்போய்விட்டது. ஓர் ஓரத்தில் மட்டும் ஊதாக் கரை தெரிகிறது.

பிரிட்டிஷ் சீகல், சில்வர் செஞ்சுரி பிளஸ், 102 சிசி. அப்பா பாவித்த எஞ்சினாக வாங்கியது. கிளச் கிடையாது. கயிற்றை இழுத்து எஞ்சின் பிடித்த கணமே வள்ளம் ஓடத் தொடங்கும், அணைத்தால்தான் நிற்கும். இங்கிலாந்தில் பூல் என்ற துறைமுக ஊரில் செய்தார்கள். உலகப் போர்க் காலத்தில் இதன் மூத்த வகையை அந்நாட்டுக் கடற்படை ஆயிரக்கணக்கில் வாங்கியது. தயாரிப்பு நின்றது 1996இல். நாங்கள் தோண்டி எடுத்த அதே வருடம்.

பெப்ரவரி 1

பொறி இல்லை. பிளக்கைத் துலக்கினேன், பொயின்டுகளை அரம் போட்டு வெளுப்பாக்கினேன், இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்துக்கு 20 என்று வைத்தேன். எதற்கும் அசையவில்லை. கொண்டன்சர்தான் போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பொடியன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றித் தருவதாகச் சொன்னான். "இதை எந்த வள்ளத்தில் பூட்டப்போகிறீர்கள், மாமா?" என்று கேட்டான். வள்ளம் விற்றுப் பத்து வருடத்துக்கு மேலாகிறது என்பது அவனுக்கும் தெரியும்.

பெப்ரவரி 2

பொறி வந்தது. நீலம். கோழிகளுக்குத் தண்ணீர் மாற்ற மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 5

தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை. அவளும் அழைக்கவில்லை. மகள் மட்டும் ஒரு வரி அனுப்பினாள்: "எடுத்துவிட்டார்கள் அப்பா, முடிவு வரப் பத்து நாள், கூடவும் ஆகலாம்."

கூடவும் ஆகலாம்.

எஞ்சினின் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 அங்குலம், ஐந்து இதழ்கள். இரண்டு இதழ்கள் பாதியோடு இல்லை. பரவைக் கடலில் தண்ணீர் முழங்காலளவு இருக்கும் இடத்தில் ஓட்டி, கல்லில் கொடுத்து உடைத்தவன் நான்தான். அந்த அடியில் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சுருள்வில் முறிந்தது. வில் முறிந்ததால் பற்சில்லுகள் தப்பின. வில் ஒன்றை முறுக்கிக்கொள்ளலாம். விசிறி கடையில் இல்லை. வார்த்தால்தான் உண்டு.

பெப்ரவரி 7

நல்ல இதழ் ஒன்றில் சாந்து பூசி அச்செடுத்து, உடைந்த இரண்டையும் வாகனங்களுக்குப் பூசும் பட்டியால் வளர்த்தேன். அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு 1.3 பங்கு சுருங்கும். 11 அங்குலத்தில் அது ஏறக்குறைய 3.6 மில்லிமீற்றர். ஆகவே ஐந்து இதழ்களின் நுனியையும் இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கூட்ட வேண்டும். கூட்டினேன், தேய்த்தேன், திரும்பக் கூட்டினேன். ஐந்தாவது இதழ் மட்டும் ஒத்துவரவில்லை. சாய்வு மற்ற நாலையும்விட ஒரு மயிரிழை அதிகம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிகிறது.

பெப்ரவரி 8

வீட்டுக்குப் பூச்சு வேலை செய்தபோது மிஞ்சிய வல்லிபுரத்து மணல் ஒரு மூட்டை இருந்தது. குளத்துக் களிமண்ணை இடித்து, அவளுடைய அரிதட்டில் அரித்து (கழுவி அதே ஆணியில் மாட்டிவிட்டேன்), பத்துக்கு ஒன்று கலந்து ஈரமாக்கினேன். கைப்பிடி மண்ணை இறுக்கிவிட்டு விரித்தால் விரல் ரேகை பதிந்திருக்க வேண்டும், முறித்தால் விளிம்பு உதிரக் கூடாது. அதுதான் பதம்.

சாய்ந்த இதழ் என்பதால் மண் அச்சின் இரண்டு பெட்டிகளும் தட்டையாகப் பிரியாது. ஒவ்வொரு இதழின் விளிம்புவரை மண்ணைக் கரண்டியால் செதுக்கி இறக்க வேண்டும், ஐந்து சிறு மலைச்சரிவுகள் மாதிரி. மேல்மண் கீழ்மண்ணோடு ஒட்டாமலிருக்க இடையில் தூள் தூவ வேண்டும். கண்ணாடி மேசையிலிருந்த அவளுடைய முகப்பவுடர்ப் பேணியை எடுத்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. கொட்டில் முழுவதும் அந்த மணம்.

பெப்ரவரி 9

கதைத்தாள். சாப்பாடு உப்பில்லையாம், அறையில் நுளம்பாம், மகள் இரவில் அழுகிறாளாம். தன்னைப் பற்றி ஒன்றும் இல்லை. "கொட்டிலுக்குள் என்ன செய்கிறீர்கள்?" என்றாள். எஞ்சின் என்றேன். "என்னுடைய இட்லிப் பானையை உருக்கிவிடாதீர்கள்" என்று சிரித்தாள். பானை அலுமினியம் வார்ப்புக்கு ஆகாது, பிஸ்டன்தான் நல்லது, அதில் சிலிக்கன் சேர்ந்திருப்பதால் அச்சுக்குள் தண்ணீராய் ஓடும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பெப்ரவரி 11

வார்த்தேன்.

பகல் வெளிச்சத்தில் அலுமினியம் தன் சூட்டைக் காட்டாது. 660 பாகையில் உருகினாலும் 720 ஆனாலும் அதே வெள்ளிதான். இருட்டும்போது, உலோகம் உருக்கும் மூசையின் உட்புறம் மங்கல் சிவப்பாகத் தெரிய வேண்டும். அதற்காகப் பின்னேரம் வரை காத்திருந்தேன். ஆறு பிஸ்டன்களிலிருந்தும் இரும்பு வளையங்களைக் கழற்றி, ஈரம் போக உலை மூடியின்மேல் வைத்துக் காயவிட்டேன். சிரட்டைக்கரி. ஊதுவதற்குப் பழைய கைத்துருத்தி, பொடியன் சுற்றினான். கசட்டை வழித்தேன், ஊற்றினேன். வாயால் நிறைந்து காற்றுத்துளை வழியாக மேலே எட்டிப் பார்த்தது. பொடியன் கைதட்டினான்.

பெப்ரவரி 12

ஊசித்துளைகள். இதழெங்கும்.

பெப்ரவரி 14

வாளால் அறுத்துப் பார்த்தேன். உள்ளேயும் அப்படித்தான், இடியப்பத் தட்டு மாதிரி. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசனைக் குடித்து வைத்துக்கொண்டு இறுகும்போது கக்கும். கரியைத் திறந்த வெளியில் இரவு முழுவதும் விட்டது என் முட்டாள்தனம். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அலுமினியத்தையும் துளைக்கும் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

அவள் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. இந்த எஞ்சினை யாரும் என்னிடம் கேட்கவில்லை. போகாததற்கு நான் ஊருக்குச் சொல்லும் காரணங்கள்: கோழி, கள்ளர் பயம், கொழும்பில் இரண்டு பேருக்குத்தான் இடம், காசு. எல்லாம் உண்மை. அவளே சொன்னாள், "நீங்கள் வந்து என்ன செய்யப்போகிறீர்கள், வீட்டைப் பாருங்கள்" என்று. நான் "சரி" என்றேன். ஒரு தடவையாவது மறுத்திருக்கலாம். அப்படிச் சொன்னால் மறுப்பேன் என்று நினைத்துத்தான் சொன்னாளோ? அந்தச் "சரி" அவ்வளவு கெதியாக எப்படி என் வாயிலிருந்து வந்தது? பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அதை இங்கேதான் எழுத முடியும். மருத்துவமனை விறாந்தையில் காத்திருப்பவர்களின் முகங்களைப் பார்க்க என்னால் முடியாது. அம்மாவோடு போன தடவை பார்த்தது போதும் என்று வைத்திருந்தேன். அவளுக்கு மட்டும் முடியுமா? மகளுக்கு 23 வயது.

காய்ந்த கரியை இன்று வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். விறாந்தையெல்லாம் கறுப்பு.

பெப்ரவரி 16

மின்கட்டணத்தை 66 சதவீதம் கூட்டிவிட்டார்கள். கைத்துருத்திக்கு இனி மரியாதை.

பெப்ரவரி 18

சிவராத்திரி. ஊரே விழித்திருக்கிறது, நானும். கோயில் ஒலிபெருக்கி கேட்கிறது. பிஸ்டன்களையும் கரியையும் பகல் முழுவதும் வெயிலில் போட்டு, பொழுது படுமுன் எடுத்துவிட்டேன். மூசைக்கு மூடி போட்டேன். இந்த முறை கிண்டவில்லை, தேவைக்கு மேல் சூடேற்றவும் இல்லை. உருகியதும் ஒரு வழிப்பு, ஓர் ஊற்று. சூடு ஏறியபோது மண்ணிலிருந்து பவுடர் மணம் எழுந்தது. பிறகு கருகல் மணம். பொடியன் இல்லை. நானே ஊதி நானே ஊற்றினேன். இந்த வயதில் செய்யக்கூடாத வேலை. செருப்பும் போடாமல் நின்றிருக்கிறேன், ஊற்றி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

திறக்கவில்லை. விடியட்டும்.

பெப்ரவரி 19

மண்ணைத் தட்டினேன். ஒரு துளைகூட இல்லை. அடித்தால் மணி மாதிரி சத்தம். படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் இல்லை.

பெப்ரவரி 21

லேத் பட்டறையில் நடுத்துளை போட்டார்கள். பிறகு கத்தி விளிம்பில் வைத்துச் சமன் பார்த்தேன். ஒரே இதழ் ஒவ்வொரு தடவையும் கீழே வந்து நிற்கிறது. எது என்று சொல்லத் தேவையில்லை. அரம், திரும்ப அரம்.

பெப்ரவரி 23

முடிவு இன்னும் இல்லையாம். "யாரோ விடுமுறையில்" என்றாள்.

பெப்ரவரி 25

அராவிக்கொண்டேயிருக்கிறேன். இனி அராவினால் இதழ் இராது.

பெப்ரவரி 27

இந்தக் கிழமைக் கோட்டாவில் மோட்டார் சைக்கிளுக்கு அடித்த பெற்றோலில் ஒரு லீற்றரை உறிஞ்சி எடுத்து, 100 மில்லிலீற்றர் எண்ணெய் கலந்தேன். பத்துக்கு ஒன்று. இந்த எஞ்சின் குடிக்கும் அளவு அது, அதனால்தான் அவ்வளவு புகை. கிணற்றடிப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பூட்டி, கயிற்றின் முடிச்சைப் பள்ளத்தில் மாட்டி மூன்று சுற்றுச் சுற்றி இழுத்தேன். பதினொன்றாவது இழுவையில் பிடித்தது. பீப்பாய்த் தண்ணீர் பொங்கி வெளியே அடித்தது. கோழிகள் வேலி தாண்டின. குளிரூட்டும் தண்ணீர் அதன் துளையால் ஒழுங்காக விழுந்தது. புகைக்குள் நின்றுகொண்டு அவளுக்கு அழைத்து, தொலைபேசியை எஞ்சினுக்கு நேரே பிடித்தேன். பிறகு காதில் வைத்தேன். ஏதோ சொன்னாள், இரண்டு வசனம். கேட்கவில்லை. அணைத்துவிட்டு "என்ன?" என்றேன்.

"ஒன்றுமில்லை, ஓடுகிறதா என்று கேட்டேன்" என்றாள். முதலில் சொன்னது இந்த நீளம் இல்லை.

பெப்ரவரி 28

மகள் எடுத்தாள். "அம்மா நித்திரை" என்றாள். காலை பதினொரு மணி.

மார்ச் 1

இரவு பஸ், ஏழரை. கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. அவளுக்குச் சொல்லவில்லை, வேண்டாம் என்பாள். எஞ்சின் பீப்பாயிலேயே நிற்கிறது. உப்புத் தண்ணீர் இல்லை, பாதகமில்லை. தண்ணீரைக் கொட்டாவிட்டால் நுளம்பு பெருகும், பொடியனிடம்